டீ ட்ரீ ஆயில்: மாடத்துக்கு வந்த மூன்றாவது குப்பி

கீழக்கரையில் என் நண்பன் வீட்டு மாடத்தில் எப்போதும் இரண்டு குப்பிகள் இருக்கும். ஒன்று சிங்கப்பூர் கோடாலித் தைலம். இன்னொன்று மலேசியாவிலிருந்து வரும் சபுராளிகள் (வெளிநாடு போய்வருகிறவர்கள்) கையோடு கொண்டுவரும் காயு பூத்தே எண்ணெய். தலைவலி, சளி, கால் பிசகு, பஸ்ஸில் குமட்டல் என்று எது வந்தாலும் இரண்டில் ஒன்று கைக்கு வந்துவிடும். ராமநாதபுரம் கடற்கரையில், கடல் கடந்து போய்வந்த ஆள் இருக்கிற வீடுகளில் இது புதுமையே இல்லை.

இப்போது அங்கே மூன்றாவதாக ஒரு சின்னப் பழுப்புக் குப்பி சேர்ந்திருக்கிறது. நண்பனின் லாத்தா (அக்கா) மகள் கல்லூரிக்குப் போகிறவள், முகப்பருவுக்காக ஆன்லைனில் வாங்கிய டீ ட்ரீ ஆயில். வாங்கியவள் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, இதுவும் ஒரு தைலம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உம்மா நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டார். மச்சான் சளிக்கு ஆவி பிடிக்கிறேன் என்று சுடுதண்ணீரில் தாராளமாக ஊற்றி, போர்வையை மூடிக் குனிந்து, கண் எரிகிறது என்று அடுத்த நிமிஷமே எழுந்து ஓடினார்.

"வாசம் தைலம் மாதிரிதான இருக்கு, வேலை மட்டும் வேறயாக்கும்?" என்று உம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் பெயரைச் சரி செய்துவிடலாம். தமிழில் இதைத் 'தேயிலை மர எண்ணெய்' என்று மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். படிக்கிறவர் நீலகிரித் தேயிலையைத்தான் நினைப்பார். நாம் குடிக்கும் தேயிலைச் செடிக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. இது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து வடகடலோரச் சதுப்புகளில் வளரும் மரம். தாவரவியல் பெயர் மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா. 18ஆம் நூற்றாண்டில் கேப்டன் குக்கின் கப்பலாட்கள் தென் பசிபிக் பக்கம் கண்ட ஒரு புதரின் இலையைக் கொதிக்கவைத்துத் தேநீர் மாதிரிக் குடித்தார்கள். அப்போது பிறந்த 'டீ ட்ரீ' என்ற பெயர் பிறகு அந்தப் பக்கத்து மரங்கள் பலவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. இந்தக் கட்டுரையில் 'டீ ட்ரீ ஆயில்' என்றே எழுதுகிறேன். மருந்துக்கடையில் போய்த் தேயிலை மர எண்ணெய் கேட்டால் கடைக்காரர் முழிப்பார்.

இந்த மரத்தின் சொந்தக்காரர்கள் நமக்குத் தூரம் இல்லை. நாவல், கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் அதே குடும்பம். ஒரு கொய்யா இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல நுண்ணிய ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். இலையைக் கசக்கினால் வாசம் வருவது அவை உடைவதால்தான். டீ ட்ரீயின் ஊசி போன்ற மெல்லிய இலைகளிலும் அதே பைகள் உண்டு. இலையையும் நுனிக்கிளையையும் நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிர்த்தால் தண்ணீருக்கு மேல் எண்ணெய் மிதக்கும். 100 கிலோ பச்சைக்கொப்பிலிருந்து ஒன்றிரண்டு கிலோதான் தேறும். விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மண்ணின் ஆதிகுடிகளான பண்ட்ஜலங் மக்கள் இலையைக் கசக்கிப் புண்ணில் வைத்தும் வாசம் பிடித்தும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1920களில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற சிட்னி வேதியியலாளர் இந்த எண்ணெயைச் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தார். அக்காலத்தில் கிருமிநாசினிகளுக்கெல்லாம் அளவுகோல் கார்பாலிக் அமிலம். அதைவிட 11 முதல் 13 மடங்கு வீரியம் இதற்கு இருப்பதாக அவர் சொன்னார். கொஞ்ச காலம் ஆஸ்திரேலிய வீடுகளில் ஓகோவென்று ஓடியது. பெனிசிலினும் மற்ற ஆன்டிபயாடிக்குகளும் வந்ததும் மூலைக்குப் போனது. 1970களுக்குப் பிறகு தோட்டப் பயிராக்கி, மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

இனி உம்மாவின் கேள்விக்கு வரலாம். காயு பூத்தே என்றால் மலாய் மொழியில் வெள்ளை மரம். அதுவும் மெலலூக்கா இனம்தான், டீ ட்ரீக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் எண்ணெயில் ஆட்சி செய்வது சினியோல் என்ற பொருள். யூகலிப்டஸ் தைலத்திலும் முக்கால் பங்கு அதுதான். மூக்கடைப்பு திறந்தது போன்ற உணர்வைத் தருவது அதன் வேலை. கோடாலித் தைலத்தில் அதோடு மென்தால், கற்பூரம் எல்லாம் சேர்கின்றன. டீ ட்ரீ ஆயிலில் கதை தலைகீழ். 2017இல் திருத்தப்பட்ட சர்வதேசத் தர அளவின்படி அதில் சினியோல் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. டெர்பினென்-4-ஆல் என்ற வேறொரு பொருள் குறைந்தது 35 சதவீதமாவது இருக்க வேண்டும். இந்த டெர்பினென்-4-ஆல்தான் அசல் ஆள். பாக்டீரியாவின், பூஞ்சையின் மேலுறையைத் தளர்த்தி உள்ளே இருப்பதைக் கசியவிடுகிறது. உறை ஓட்டையானால் கிருமி பிழைக்காது.

ஆக, முதல் இரண்டு குப்பியும் நம் உணர்வுக்கு வேலை செய்பவை. மூன்றாவது குப்பி, தோலின் மேலிருக்கும் கிருமிக்கு வேலை செய்வது. தலைவலிக்கு இதைத் தேய்ப்பது, டெட்டாலை நெற்றியில் தேய்ப்பது மாதிரி.

இன்னொரு சிக்கல் 'எண்ணெய்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. எள்ளின் நெய்தான் எண்ணெய். அதனால் நம் கைக்கு எண்ணெய் என்றாலே உள்ளங்கை குழிய ஊற்றி, உச்சியில் வைத்து, வழிய வழியத் தேய்ப்பது. இது அந்தச் சாதி இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயும் பக்கத்தில் ஒரு சொட்டு டீ ட்ரீ ஆயிலும் விட்டுப் பாருங்கள். சில மணி நேரம் கழித்துத் தேங்காய் எண்ணெய் விட்ட இடம் வடைத்தாள் மாதிரி கண்ணாடியாக நிற்கும். மற்றது பறந்துபோய் ஏறக்குறையத் தடமே இருக்காது. கறை பெரிதாகத் தங்கினால், யாரோ உள்ளே சமையல் எண்ணெய் கலந்திருக்கிறார்கள். (யூகலிப்டஸ் தைலம் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் அகப்படாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான்.)

அடுத்த சோதனைக்கு நம் கடற்கரையில் பொருளுக்குப் பஞ்சமில்லை. பாம்பன், மண்டபம் பக்கம் எங்கே பார்த்தாலும் உடைந்த தெர்மாகோல் கிடக்கும், ஐஸ் பெட்டியாக, மிதவையாக. ஒரு துண்டை எடுத்து மேலே இரண்டு சொட்டு விட்டேன். முதலில் ஈரம் மாதிரி இருந்தது. பிறகு மெல்ல அமுங்கி, நண்டு வளை போலக் குழி விழுந்து, ஓரம் பிசின் மாதிரி ஒட்டியது. இந்த எண்ணெயிலுள்ள டெர்பீன்கள் என்ற வாசப்பொருள்கள் தெர்மாகோலைக் கரைத்துவிடும். நம் தோல் தெர்மாகோல் இல்லைதான். ஆனாலும் இது குழந்தைக்கு மாலிஷ் செய்கிற சமாச்சாரம் இல்லை என்பதைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் இதை ஊற்றி வைக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

சரி, எதற்குத்தான் உதவும்? நம் கரையில் முதலில் கேட்கப்படுவது சேற்றுப்புண். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருத்தர் காலைக் காட்டினார். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்க மணிக்கணக்கில் கடலில் நிற்கிறவர். விரல்களில் பாறை கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றி, காலுக்கு ரப்பர் செருப்பு கட்டி இறங்குவார். கடைசி இரண்டு கால்விரலுக்கு நடுவே தோல் ஊறி, வெளுத்து, ஊறவைத்த அவல் மாதிரி பிய்ந்திருந்தது. "உப்புத்தண்ணி பட்டா புண்ணு ஆறும்பாங்க. எனக்கு ஆறவே இல்லையே தம்பி" என்றார். ஈரம் காயவே நேரம் கிடைக்காத காலில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கடல்தண்ணீரால் அதைத் துரத்த முடியாது.

இந்தப் புண்ணுக்கு டீ ட்ரீ ஆயிலை வைத்து நடந்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1992இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 10 சதவீத டீ ட்ரீ க்ரீம் போட்டவர்களுக்கு அரிப்பும் எரிச்சலும் குறைந்தன. ஆனால் தோலைச் சுரண்டிச் சோதித்தபோது பூஞ்சை போனவர்கள் 30 சதவீதம்தான். டோல்நாஃப்டேட் என்ற வழக்கமான மருந்து போட்டவர்களில் 85 சதவீதம். வெறும் க்ரீம் போட்டவர்களிலேயே 21 சதவீதம் பேருக்குப் போயிருந்தது! அரிப்பு அடங்கியது, ஆள் உள்ளேயே இருந்தான். 2002இல் வீரியத்தைக் கூட்டினார்கள். 50 சதவீதக் கரைசலை 4 வாரம் போட்டவர்களில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை ஒழிந்தது, மருந்தில்லாத கரைசல் போட்டவர்களில் 31 சதவீதம் பேருக்கு. ஆனால் எண்ணெய் போட்டவர்களில் சிலருக்குத் தோல் கடுமையாகச் சிவந்து வெடித்தது. அதாவது கிருமிக்கு உறைக்கிற அளவுக்குப் போனால், நம் தோலுக்கும் உறைக்க ஆரம்பிக்கிறது.

அதனால் அந்த அக்காவிடம் நான் டீ ட்ரீ வாங்கச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல் களிம்பு விலை குறைவாகவே கிடைக்கும். அதை வாங்கி, புண் ஆறிய பிறகும் ஓரிரு வாரம் விடாமல் போடச் சொன்னேன். வீடு வந்ததும் விரலிடுக்கைத் துணியால் ஒற்றிக் காயவிடச் சொன்னேன். சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் எதையும் போட வேண்டாம் என்றேன். ஒரு எச்சரிக்கையும் சேர்த்தேன்: ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் சில கைக்கு வரும். போட்டவுடன் அரிப்பு மாயமாகும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே போகும். படர்தாமரை ஊரெல்லாம் தீராமல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டீ ட்ரீ ஆயில் எவ்வளவோ யோக்கியமான பொருள்.

முகப்பருவில் அதன் பெயர் இன்னும் நன்றாகவே இருக்கிறது. 1990இல் வெளியான ஆய்வில் 124 பேருக்கு, 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும், பருவுக்கு வழக்கமாகப் போடும் பென்சாயில் பெராக்சைடை 5 சதவீத அளவிலும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது. ஆனால் தோல் வறண்டு எரிந்ததாகச் சொன்னவர்கள் அதில் குறைவு. மாதக்கணக்கில் பொறுமையாகப் போடுகிறவருக்கு ஏற்றது, கல்யாணம் அடுத்த வாரம் என்றால் உதவாது.

பொடுகுக்கு 5 சதவீத ஷாம்பூ. 2002இல் 126 பேரிடம் 4 வாரம் பார்த்ததில் 41 சதவீதம் குறைந்தது, டீ ட்ரீ இல்லாத வெறும் ஷாம்பூவில் 11 சதவீதம். நம் பக்கம் கவனிக்க ஒன்று உண்டு. உவர்த்தண்ணீரில் குளித்துத் தலை வறண்டு உதிர்கிற செதிலெல்லாம் பொடுகு கிடையாது. நல்ல தண்ணீரில் கடைசியாக ஒரு முறை தலையை அலசினாலே போய்விடும் என்றால் ஷாம்பூவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 'டீ ட்ரீ' என்று பெரிதாக முகப்பில் எழுதிய ஷாம்பூக்களில் எத்தனை சதவீதம் என்று பின்பக்கம் தேடிப் பாருங்கள். பல சமயம் எழுதியிருக்காது.

வீட்டுத்தரை துடைக்க, கொசு விரட்ட, பாத்ரூம் பூஞ்சைக்கு என்றும் சொல்கிறார்கள். செய்யலாம். ஆனால் தரைக்கு பினாயில் இருக்கும்போது இதை ஊற்றுவது ஆடம்பரம். கொசுவோ, வாசம் பறந்ததும் திரும்பி வந்துவிடும்.

கலக்கும் கணக்கு எளிது. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு, குப்பியின் துளையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். 5 மில்லி பிடிக்கும் சின்னக் கரண்டியில் 100 சொட்டு. ஆகவே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டால் ஒரு சதவீதம், 5 சொட்டு விட்டால் 5 சதவீதம். 5க்கு மேல் வீட்டு வைத்தியத்தில் போக வேண்டாம். முகத்துக்கு ஒன்று, இரண்டிலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள், இரண்டு நாள் பார்க்க வேண்டும். பலரும் செய்கிற தப்பு, குளிக்கும் வாளியில் நாலு சொட்டு விடுவது. இது தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, முதல் செம்பிலேயே கலக்காத எண்ணெயாகத் தோலில் ஒட்டும்.

அப்புறம், வெயில். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மண்டபத்தில் இருந்த ஒரு கோடையில் அரைக் குப்பியை ஜன்னல் விளிம்பிலேயே விட்டுவிட்டேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மத்தியானத்தில் அறை அடுப்பாகும். மூடியும் சரியாகத் திருகவில்லை. பல மாதம் கழித்து, கெட்டுப்போகிற பொருளா இது என்று நினைத்து, கால் அரிப்புக்குக் கலந்து தடவினேன். அதே அளவு, முன்பு ஒன்றும் செய்யாத அதே எண்ணெய். மறுநாள் காலில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பத்து நாள் சொறிந்துகொண்டு திரிந்தேன்.

காரணம் ஆக்சிஜன். காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் இந்த எண்ணெயில் உள்ள டெர்பினீன்கள் (டெர்பினென்-4-ஆல் வேறு, இவை வேறு) குறைந்து, பாரா-சைமீன் என்ற பொருள் ஏறும். பெராக்சைடுகளும் அஸ்காரிடோல் போன்றவையும் உருவாகும். ஒவ்வாமையைக் கிளப்புவதில் புது எண்ணெயைவிடப் பழசு பல மடங்கு மோசம். ஒரு தடவை உடம்பு இதற்கு ஒவ்வாமை பழகிவிட்டால், பிறகு நல்ல குப்பியை வாங்கினாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எனக்கு அதுதான் நடந்தது, இப்போது தொடுவதில்லை. பழுப்புக் கண்ணாடிக் குப்பி, இறுகிய மூடி, குளிர்ந்த இருட்டான இடம், திறந்த தேதியைக் குப்பி மேலேயே எழுதிவைப்பது ஆகிய நான்கும் நம் ஊர் வெயிலுக்குக் கட்டாயம். பெரிய குப்பி மலிவு என்று வாங்கினால் பாதிதான் பயன்படும், மீதி கெட்டுப்போகும். 10 மில்லி போதும்.

வாயில் போகவே கூடாது. இதில் பேரமே இல்லை. 10 மில்லிக்கும் குறைவாக விழுங்கிய ஒன்றரை வயதுக் குழந்தை நிற்க முடியாமல் தள்ளாடியதாக மருத்துவப் பதிவு இருக்கிறது. பெரியவர்களும் குடித்துவிட்டு மயக்கநிலைக்குப் போயிருக்கிறார்கள். கிராம்புத் தைலத்தைப் பல்லில் வைக்கிற பழக்கத்தில் இதை வாய்ப்புண்ணுக்குத் தொட்டு வைக்கிறார்கள், வேண்டாம். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், குப்பியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பூனைக்கும் இது விஷம். அதன் ஈரல் இப்படிப்பட்ட பொருள்களைக் கழிக்கத் திணறும், போதாதற்கு மேலே பட்டதையெல்லாம் நக்கும். மீன் வாசம் வீசும் நம் தெருக்களில் பூனை நுழையாத வீடு ஏது? உண்ணிக்கென்று அதன் மேல் தடவிவிடாதீர்கள்.

கடலில் சொறி (ஜெல்லிமீன்) பட்டால், திருக்கை முள் ஏறினால் இதை ஊற்றலாமா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். வேண்டாம். சொறி பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல் தண்ணீரால் அலசி, மூச்சுத் திணறினாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. திருக்கைக்குப் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும். பிறகு முள் துணுக்கு உள்ளே இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும், டி.டி. ஊசியும் தேவைப்படலாம். அடுப்பில் சுட்டுக்கொண்டாலும் அப்படித்தான்: 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீர், எண்ணெய் எதுவும் கிடையாது.

போன வாரம் கீழக்கரை போனபோது மாடத்தில் மறுபடி இரண்டு குப்பிகள்தான் இருந்தன. மூன்றாவதை அந்தப் பெண் தன் பீரோவுக்குள் கொண்டுபோய்விட்டாள். குப்பியில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, திறந்த தேதியை எழுதி, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'தைலம் இல்லை' என்று போட்டிருக்கிறாள். உம்மா அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்தார்.

"இத அந்தக் கம்பெனிக்காரனே எழுதி ஒட்டியிருக்கலாம்ல" என்றார்.